வெண்புள்ளிகளும் ஒரு முதலாண்டு மாணவரும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிப்பவன் நான். மருத்துவ மாணவருக்குப் படைப்பாற்றல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1835ஆம் ஆண்டு. லண்டனில் புனித பர்த்தலோமியு மருத்துவமனை. உடற்கூறு அறையில் ஒரு சடலத்தின் தசைகளில் சிறுசிறு வெண்புள்ளிகள் தென்பட்டன. இத்தகைய புள்ளிகளை முன்பே பலரும் பார்த்திருந்தார்கள். கத்தியை மழுங்கடிக்கும் எலும்புத் துணுக்குகள் என்று எண்ணி விட்டுவிட்டார்கள். ஜேம்ஸ் பேஜட் என்ற 21 வயது முதலாண்டு மாணவர் அப்படி விடவில்லை. கை லென்ஸில் உற்றுப் பார்த்தார். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு புழு! மருத்துவமனையில் நுண்ணோக்கி கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று, ராபர்ட் பிரௌனிடம் கேட்டு, அவருடைய நுண்ணோக்கியில் பார்த்தார். பிரௌனியன் இயக்கம் என்று நாம் பாடம் நடத்துகிறோமே, அதே பிரௌன்தான். டிரைக்கினா என்ற ஒட்டுண்ணிப் புழு மனித உடலில் கண்டறியப்பட்டது இப்படித்தான். அதற்குப் பெயர் சூட்டி வெளியிட்டவர் ரிச்சர்டு ஓவன். புகழும் பெரும்பாலும் அவருக்கே போனது. ஆனாலும் பேஜட் தளரவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார்.

அந்த மாணவருக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது? யார்மவுத் என்ற தம் கடற்கரை ஊரில் செடிகொடிகளைச் சேகரித்து வகைப்படுத்தியவர் அவர். 1834இல் சகோதரருடன் சேர்ந்து அவ்வூரின் இயற்கை வரலாறு பற்றி நூலே வெளியிட்டார். ஆர்வம், பொறுமை, தெரியாததைப் போய்க் கேட்கும் துணிவு ஆகிய மூன்றும் கல்லூரிக்கு முன்பே அவரிடம் வேர்விட்டிருந்தன.

இந்த ஆர்வம் பரிசால் வளருமா? உளவியலாளர் தெரசா அமாபிலி 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுமியர் வண்ணக் காகிதங்களை ஒட்டிப் படம் செய்தனர். பரிசுக்குப் போட்டியிட்டவர்களின் படங்களில், போட்டியின்றிச் செய்தவர்களுடையதைவிடப் படைப்பாற்றல் குறைந்திருந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். "சார், குரல்வளைக்குப் போகும் நரம்பு ஏன் மார்புக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டார். "பாதை தெரிந்தால் போதும்மா, காரணம் தேர்வுக்கு வராது" என்றேன். கருவில் இதயமும் பெருந்தமனியும் கீழிறங்கும்போது அந்த நரம்பையும் இழுத்துச் செல்கின்றன என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

எங்களிடம் வரும் பிள்ளைகள் நீட் மதிப்பெண்ணுடன் வருகிறார்கள். கேள்வியுடனும் வருகிறார்களா என்பது பெரும்பாலும் உங்கள் வகுப்பறையில் முடிவாகிவிடுகிறது. ஒரு குழந்தை பூச்சியையோ விதையையோ கொண்டுவந்தால், பெயரைச் சொல்லும் முன் "நீ என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். விடை தெரியாத கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். வாரக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து விடை தேடுங்கள். அந்தக் கேள்விகளை அணைந்துவிடாமல் காப்பது எங்கள் பொறுப்பு.