பிளக் மாற்றுமுன் நம்பரைப் பாருங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிள் பிளக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டோமே என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். ஆனால் இருட்டோடு புறப்பட்டுப் பாதி வழியில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு பெரட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தோம்.

பால் மரத்துக்கு விடியற்காலைதான் நேரம். வெயில் ஏற ஏற மரத்தினுள் இருக்கும் அழுத்தம் தணிந்து பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு மணி நேரம் தாமதித்து வெட்டுக்குப் போனவர் அந்த ஒரு மணியை மட்டும் இழப்பதில்லை. அன்றைய எடையிலும் இழக்கிறார். இதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஏனெனில் குறைந்த எடையைச் செக்ரோலில் எழுதுவது எங்கள் பேனாதான்.

நாங்கள் செய்த ஒரு தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வெட்டுக்கார அக்கா ஒருவர், “கிராணியாரே, உதைத்து உதைத்துக் காலே ஓய்ந்து போச்சு, கொஞ்சம் பாருங்க” என்று தம்முடைய ஈஎக்ஸ்5 மோட்டாரை ஆபிஸ் வாசலில் நிறுத்தினார். ஆபிஸ் கிராணியும் ஸ்டோர் கிராணியுமாக நாங்கள் இருவர் கூடினோம். பிளக் கறுத்திருந்தது. அதைக் கழற்றிக் கால்வாயில் எறிந்தோம். 125 சி.சி. வண்டி ஒன்றுக்கென வாங்கி வைத்திருந்த புதுப் பிளக் மேசையில் கிடந்தது. மரை சரியாக ஏறிற்று. ஸ்பேனரும் அதே ஸ்பேனர்தான். வேறென்ன வேண்டும் என்று முறுக்கிக் கொடுத்துவிட்டோம்.

அக்கா உதைத்தார். உள்ளே இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. இன்னொரு முறை உதைக்கச் சொன்னவர்களும் நாங்களே!

நடந்தது யாதெனில், மரையின் பருமன் ஒன்றாக இருந்தாலும் நீளம் வேறு. என்.ஜி.கே. பிளக்கில் முதல் எழுத்து மரையின் பருமனைச் சொல்லும். ‘சி’ என்றால் 10 மில்லிமீட்டர், ‘டி’ என்றால் 12, ‘பி’ என்றால் 14. எண்ணுக்குப் பின் வரும் எழுத்துத்தான் நீளம். ‘எச்’ என்றால் 12.7 மில்லிமீட்டர், ‘ஈ’ என்றால் 19. பழைய ஹோண்டா கப் வண்டிகளுக்கும் பழைய ஈஎக்ஸ்5 வண்டிக்கும் உரியது சி6எச்எஸ்ஏ அல்லது சி7எச்எஸ்ஏ. நாங்கள் போட்டதோ சிபிஆர்6ஈஏ-9. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நீண்டு நின்ற பிளக்கைப் பிஸ்டன் மேலே வந்து இடித்தது. பிளக்கின் கொக்கி நசுங்கி, பிஸ்டன் தலையிலும் பள்ளம் விழுந்தது. பட்டணத்தில் என்ஜின் தலையைத் திறந்து சரி செய்துவர பத்து நாள் ஆயிற்று. பில்லை நாங்கள் இருவரும் பாதி பாதியாகக் கட்டினோம். அதில் பெருமை ஒன்றுமில்லை. அந்தப் பத்து நாளும் அக்கா அயல் வீட்டுக்காரரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். அதில் மூன்று நாள் தாமதம். அந்த மூன்று நாளின் எடையையும் நாங்களே எழுதினோம்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. கால்வாயில் எறிந்த பழைய பிளக்கை மறுநாள் தேடி எடுத்துப் பார்த்தோம். உலர்ந்த கரி மட்டுமே படிந்திருந்தது, உடைவில்லை, தேய்வில்லை. காற்று வடிகட்டியோ தூசி அடைத்துக் கிடந்ததாம்; பட்டறைக்காரர் சொன்னார். வடிகட்டியை மாற்றிப் பிளக்கைத் துலக்கியிருந்தால் போதும். குற்றவாளி வேறிடத்தில் இருக்கச் சாட்சியைப் பிடித்துத் தண்டித்தோம், தோழர்களே!

ஆகவே, கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை பழுப்பாக, வெளிர் மண் நிறத்தில் இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. சோக்கை இழுத்தபடியே ஓட்டினாலும் இதே நிலைதான். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கக்கூடும். அதற்குப் பிளக் மாற்றுவது காய்ச்சலுக்குச் சட்டை மாற்றுவது போன்றது. வெண்மையாக வெந்து கொப்பளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

சூடு என்றதும் நடுவில் உள்ள அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அது பிளக்கின் தரத்தைக் காட்டும் எண் அல்ல. ஏழு பெரியது, ஆறு சிறியது, ஆகவே ஏழு உயர்ந்தது என்று வாங்குவது தவறு. முனை ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் கரி தானாக எரியும். 800 பாகையையும் வெகுவாகத் தாண்டினால் பொறி விழுமுன்னரே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிறுத்துவதற்கே அந்த எண். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறச் சூட்டை விரைவில் வெளியேற்றும் பிளக். சாம்பியன், போஷ் கம்பெனிகளில் கணக்கு நேர்மாறு. வண்டியின் கைப்புத்தகம் சொல்வதை வாங்குங்கள். ‘ஆர்’ எழுத்து உள்ள பிளக்கைக் கேட்கும் வண்டிக்கு அதில்லாததைப் போடாதீர்கள்; அது மின் இரைச்சலை அடக்கும் தடை.

சாதாரண பிளக் பத்து வெள்ளிக்குள் கிடைக்கிறது. போலியும் அதே அட்டைப்பெட்டியில் வருகிறது. எழுத்து மங்கியிருந்தாலோ, வளையம் விரலால் சுழற்றியதும் கழன்று கையோடு வந்தாலோ, சந்தேகப்படுங்கள். இரிடியம் பிளக் நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் மெல்லிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் காசு போச்சு.

மாற்றும் முறை அதிகமில்லை. என்ஜின் ஆறட்டும், சூடான அலுமினியத் தலையில் முறுக்கினால் மரை வழுக்கிவிடும். கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள செம்மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லையேல் அவ்வளவும் உள்ளே விழும். இந்தச் சாதாரண வகைக்கு இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். வெளிக் கொக்கியை மட்டும் வளைக்க வேண்டும், நடு முனையைத் தொடக்கூடாது. முதலில் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். கையால் ஏறாத பிளக்கை ஸ்பேனர் ஏற்றுவதில்லை, மரையைத்தான் அறுக்கிறது. உட்கார்ந்தபின், புதிது என்றால் அரைச் சுற்று. பழையது என்றால் எட்டில் ஒரு பங்கு. அதற்குமேல் பலத்தைக் காட்ட வேண்டாம். தொப்பியை நன்றாக அழுத்துங்கள். மழையில் நின்றுவிடும் வண்டிகள் பலவற்றில் பிளக் நன்றாகவே இருக்கும்; வெடித்த தொப்பி ரப்பர் வழியாக நீர் இறங்கியிருக்கும்.

இவ்வகை வண்டிகளுக்குச் சுமார் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புதுப் பிளக் என்பது கணக்கு. நம் தோட்டத்தில் பாதி மோட்டார்களின் மீட்டர் ஓடுவதில்லை என்பது தெரிந்ததே. அவர்கள் மாற்றிய தேதியைக் காலண்டரில் எழுதி வைக்கட்டும்.

நிற்க. கிளையின் பணத்தில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறோம். 16 மில்லிமீட்டர் பிளக் ஸ்பேனர் ஒன்று, இடைவெளி அளக்கும் தகடு ஒன்று, தூரிகை ஒன்று, நம் தோட்டத்து வண்டிகளுக்கான நம்பர்கள் எழுதிய அட்டை ஒன்று. பெட்டி சங்க அறை அலமாரியில் இருக்கும், சாவி காரியதரிசியிடம். நோட்டில் கையெழுத்திட்டு எடுப்பவர் மறுநாள் மாலைக்குள் வைத்துவிட வேண்டும். ஸ்பேனர் ஒன்றே ஒன்றுதான் உள்ளது. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்க அறை வாசலில் செய்து காட்டுகிறோம். முதலில் அந்த அக்காவின் மோட்டார். இம்முறை நம்பரைத் தாமே படித்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தொடவிடுவாராம்.