பச்சிளங் குழந்தையும் பெற்றோர் கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில், ஓய்வுபெற்ற கிராமச் சுகாதாரச் செவிலி ஒருவர் ஆற்றிய உரை)



பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூடியுள்ள இம்முகாமில் சாலை, குடிநீர், வரி வசூல் முதலியவை பற்றிப் பலர் பேசினார்கள். பிள்ளை பெற்ற வீட்டைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அது பெண்டிர் காரியம், பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள் என்பது நெடுநாளைய எண்ணம். அவ்வெண்ணத்தால் நாம் இழந்தவை பல. ஆகவேதான் ஆடவர் மிகுந்த இச்சபையில் இதைப் பேச முன்வந்தேன்.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கிய நாற்றை வயலில் நட்ட பிறகு, அது வேர் பிடிக்கும் வரையில் எந்த உழவரும் கவலையின்றி உறங்குவதில்லை. நீர் மிகுந்தாலும் கெடும், குறைந்தாலும் கெடும். வேர் பிடித்துவிட்டாலோ பிறகு வரும் வெயிலையும் காற்றையும் அது தாங்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கும் அத்தகைய பருவம் ஒன்று உண்டு. அதுவே முதல் 28 நாட்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 13 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. அவற்றுள் 9 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறந்தன. இந்தியா முழுவதற்கும் எடுத்துக்கொண்டால், அந்த 28 நாட்களில் இறந்தவை ஆயிரத்திற்கு 20 ஆகும். நம் மாநிலம் முன்னேறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஒன்பதில் ஒன்று நம் வீட்டுக் குழந்தையாயின், கணக்கைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியுமா?

முதலில் பாலைப் பற்றிச் சொல்கிறேன். பசு கன்று ஈன்றதும் நீங்கள் செய்வது யாது? கன்றைத் தூக்கி மடியில் விட்டுச் சீம்பாலை ஊட்டுகிறீர்கள். சீம்பால் குடியாத கன்று தேறாது என்பது மாடு வளர்ப்போர் யாவரும் அறிந்ததே. ஆனால் வீட்டில் மருமகளுக்குச் சுரக்கும் சீம்பாலை மட்டும் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சி எறியும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இன்றும் சில வீடுகளில் அடியோடு ஒழியவில்லை. கன்றுக்கு நல்லது குழந்தைக்குக் கெட்டதாகுமா? மஞ்சள் நிறமாய்ச் சிறிதளவே சுரக்கும் அப்பாலில் நோயைத் தடுக்கும் ஆற்றல் நிறைந்துள்ளது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தையை மார்பில் அணைத்து அதனைப் புகட்ட வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், விளக்கெண்ணெய், உரை மருந்து ஆகிய எதுவும் வேண்டா. பெரியவர் கையால் சேனை வைப்பது அன்பின் அடையாளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரலில் ஒட்டியுள்ள கிருமி அன்பை அறியாது. தேனிலிருந்து வரக்கூடிய ஒருவகை நச்சுநோய் ஓராண்டு நிறையாத குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலன்றித் தண்ணீர்கூட வேண்டுவதில்லை. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரேயாதலால் கோடையிலும் அது போதும்.

பால் போதவில்லை என்று தாய் கலங்குவதும், உடனே வீட்டார் புட்டிப்பாலுக்கு ஓடுவதும் வழக்கம். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை சிறிது குறைவது இயல்பே; இரண்டு வாரத்திற்குள் அது பிறந்தபோதிருந்த எடையை எட்டிவிடும். முதல் வாரத்தின் முடிவில் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அறியலாம். இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். சப்ப இயலாத சிறு குழந்தைக்குத் தாய்ப்பாலையே பீய்ச்சிச் சுத்தமான பாலாடையால் புகட்டலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை புட்டியைவிடச் சிறந்தது. கழுவுவதும் கொதிநீரில் இடுவதும் எளிது.

இரண்டாவது, சூடும் சுத்தமும். குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லிட்டும் இருந்தால் குழந்தை குளிரால் வாடுகிறது என்று பொருள். உடனே தாயின் மார்போடு மேனி படும்படி அணைத்துப் போர்த்த வேண்டும். தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டாவில், 1978ஆம் ஆண்டில், எடை குறைந்த குழந்தைகளைக் காப்பதற்குப் போதிய கருவிகள் இல்லாத நிலையில் டாக்டர் எட்கர் ரே இம்முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பது போன்றதாகையால் அதற்குக் கங்காரு முறை என்றே பெயர். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது பெரிதும் உதவும். தாய் களைத்திருக்கும்போது தந்தையும் தன் மார்பில் இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். காசு வேண்டாத வைத்தியம் இது!

பிறந்து ஒரு நாள் ஆவதற்குள் குளிப்பாட்ட வேண்டா. பிறகு குளிப்பாட்டும்போதும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றை நிறுத்துக. தொப்புள் கொடியின் மீது சாம்பலோ, சாணமோ, மஞ்சளோ, எண்ணெயோ பூசலாகாது. ஈரமின்றி விட்டுவிட்டால் அது தானே உலர்ந்து விழும். முற்காலத்தில் தொப்புள் வழியே புகுந்த இரணஜன்னி எத்தனையோ சிசுக்களைக் கொன்றது. கருவுற்ற தாய்மாருக்குப் போடும் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் அந்நோய் அடக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில், தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் தாக்கும் இரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக உறுதி செய்யப்பட்டது. அந்த வெற்றியைக் காப்பது நம் கையில் இருக்கிறது. குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். காண வரும் உறவினர் அனைவரும் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். இதைப் பல ஆண்டுகள் நான் எவரிடமும் சொன்னதில்லை. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. 108 ஊர்தி வராத காலம். ஒரு குடியானவர் வீட்டில் பிறந்து ஐந்து நாளான பெண் குழந்தையை மாலையில் பார்க்கச் சென்றேன். முதல் நான்கு நாளும் நன்றாகப் பால் குடித்த குழந்தை அன்று சப்பவில்லை, அழவுமில்லை. “சமர்த்தாகத் தூங்குகிறது, அம்மா” என்றார் பாட்டி. என் மனத்தில் ஐயம் எழுந்தது. ஆனால் கடைசிப் பஸ் போய்விட்டது. மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. “விடியட்டும், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று நானே சொன்னேன். விடிந்தது. குழந்தை இல்லை. அந்தத் தாய் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனம் சிறிது ஆறியிருக்கும்.

பச்சிளங் குழந்தைக்கு நோய் வந்தால் பெரியவர்களைப் போல் அது முனகாது, ஜுரமும் காணாமற் போகலாம். மெல்ல அடங்கும், அவ்வளவே. நன்றாகக் குடித்த குழந்தை பால் குடியாமை, தட்டி எழுப்பினாலன்றி அசையாமை, வலிப்பு, உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், மூச்சு இழுக்கும்போது மார்பு உள்வாங்குதல், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல், பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் அல்லது சீழ் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அந்நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். குழந்தை அமைதியாயிருக்கும்போது ஒரு முழு நிமிஷம் அதன் மூச்சை எண்ணுங்கள். அறுபதோ அதற்கு மேலோ இருந்தால் மறுபடியும் ஒரு நிமிஷம் எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் தாமதம் கூடாது.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு, பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் தந்தையை அழைத்து மூச்சு எண்ணப் பழக்கினேன். “இதெல்லாம் எனக்கெதற்கு?” என்று சிரித்தவர் பலர். அவ்வாறு சிரித்த ஓர் இளைஞர், பின்னொரு நாள் நள்ளிரவில் எனக்குத் தொலைபேசியில் பேசினார். “அக்கா, இரண்டு தடவை எண்ணிவிட்டேன், எழுபத்திரண்டு. 108க்குச் சொல்லிவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்” என்றார். என்னைக் கேட்டுக்கொண்டு அவர் காத்திருக்கவில்லை. அச்சிறுவன் இன்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான்.

இத்தகைய அறிவு டாக்டருக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் கிராமப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, பிறந்த குழந்தைகளை வீடு தேடிச் சென்று கவனிக்கச் செய்தனர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தைகளின் மரணம் 62 சதவீதம் குறைந்ததை 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆஸ்பத்திரியில் பிறந்து வீடு வந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டில் சென்று காண வேண்டும் என்று 2011ஆம் ஆண்டில் நாடெங்கும் வகுக்கப்பட்ட முறை அவ்வழியில் வந்ததே. பணியாளர் வரும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். வராவிட்டால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

தாயையும் மறவாதீர்கள். பத்தியம் என்ற பெயரால் அவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் மறுப்பது பெருந்தவறு. அவள் வயிறார உண்ண வேண்டும்; இரும்புச் சத்து மாத்திரைகளை விடாமல் உட்கொள்ள வேண்டும். உதிரப்போக்கு மிகுந்தாலோ, ஜுரமோ, கடுந்தலைவலியோ, வலிப்போ கண்டாலோ அவளுக்கும் அவசர சிகிச்சை தேவை. முதல் சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவதுண்டு. இரண்டு வாரத்திற்குப் பின்னும் அவள் அழுதுகொண்டும், குழந்தையைப் பாராமலும், உறங்காமலும் இருந்தால், அதைக் காற்று கருப்பு என்று எண்ணாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயரிடும் நாளில் மட்டும் தலைகாட்டும் கணவர் தம் கடமையில் பெரும்பகுதியைத் தவறவிட்டவராவார். இரவில் ஒரு முறை எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டால், அவளுக்கு ஒரு மணி நேர உறக்கமாவது கிட்டும். பிறந்தது பெண்ணென்று முகம் வாடுவோருக்கு ஒன்று சொல்வேன்: பெண் சிசுக்களைக் காப்பதற்காகவே 1992ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது நம் மாநிலத்தில்தான். அந்த வெட்கம் மீண்டும் வரலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள்கள் நான்கு. ஊரில் கருவுற்ற தாய்மாரின் பட்டியலும் பிரசவ மாதமும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு தெருவுக்கும் 108 ஊர்தி இரவிலும் வந்து திரும்பும் வகையில் வழியும் விளக்கும் இருக்கின்றனவா என்று நீங்களே நடந்து பாருங்கள். பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யத் துணை நில்லுங்கள். பெயர் வைக்கவில்லையென்று காத்திருக்க வேண்டா, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். கடைசியாக, கிராம சபைக் கூட்டத்தில், கடந்த கூட்டத்திற்குப் பின் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவை யாவும் நலமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு குழந்தை தவறியிருந்தால் எவரையும் பழிக்காமல், எந்த மணியில் என்ன செய்திருக்கலாம் என்று ஆராயுங்கள். ஊரார் கூடியிருக்கும் அச்சபையில் அக்கேள்வி எழுமானால், ‘விடியட்டும்’ என்னும் சொல் நம் ஊர்களிலிருந்து தானே நீங்கும்.

பயிர் வாடினால் விடியும் வரையில் காத்திராமல், நள்ளிரவிலும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கச் செல்லும் மக்கள் நாம். வீட்டில் பிறந்த குழந்தைக்கும் அவ்வாறே எழுவோமாக.