சேர்க்கை நாளின் காசு



ஒட்டன்சத்திரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காய்கறிச் சந்தை. இங்கிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாய்க் காய்கறி போகிறது. அந்த மூட்டைகளைத் தூக்குகிறவர்கள், தோட்டத்தில் முருங்கை பறிக்கிறவர்கள் பலருடைய பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியில். அந்தப் பிள்ளைகளுக்காக ஊரார் திரட்டும் கல்வி நிதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அந்தக் காசு எப்போது ஒரு பிள்ளையை நிமிர்த்துகிறது, எப்போது குனிய வைக்கிறது?

பாபாசாகேபிடமிருந்தே தொடங்குவோம். 1907இல் மெட்ரிக் தேறிய அந்த இளைஞரை அடையாளம் கண்டவர் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவருக்காகப் பேசியவரும் அவரே. 1913இல் மாதம் 11.50 பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகையோடு அண்ணல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அந்தக் காசு இல்லையென்றால் அந்தப் பயணம் இல்லை. ஆனால் ஒப்பந்தப்படி 1917இல் பரோடாவுக்குப் பணியாற்றத் திரும்பியவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள். உதவித்தொகை படிப்பைத் தந்தது; சாதியை அது தொடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அந்த நவம்பர் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், கட்டணத்தைக் கேட்டு இடத்தை வேண்டாம் என்று விட்டுத் திரும்பினார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. நீட் எழுதி வென்ற பிள்ளை, சில நாள் முன்பின்னில் தோற்றது.

இதே கதை சிறிய அளவில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. இரண்டும் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருபவை. விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் வாங்க அலைச்சல், கலந்தாய்வுக்குப் பஸ் செலவு, விடுதி முன்பணம், ஒரு ஜோடி செருப்பு: இவை சேர்வதற்கு முன்பே வேண்டும். அன்று கையில் காசில்லாத வீடு வட்டிக்கு வாங்கும். இல்லையென்றால் பிள்ளையை மில்லுக்கு அனுப்பும். ஊர் நிதி செய்யக்கூடிய பெரிய வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆகஸ்டில் மேடைபோட்டுத் தரும் பத்தாயிரத்தைவிட, சேர்க்கை நாளின் காலையில் தரும் இரண்டாயிரம் பெரியது.

எப்படித் தருவது என்பதும் முக்கியம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயரோடு சாதியையும் வாசித்து, போட்டோ எடுத்துத் தரும் உதவியை நாம் பார்த்திருக்கிறோம். வாங்கிய பிள்ளை மறுநாள் வகுப்பில் தலைநிமிர முடியாது. மதுரைக்குப் பக்கத்தில், கொடிக்குளத்தில் வேறொன்று நடந்தது. வங்கி ஊழியரான ஆயி என்கிற பூரணம் அம்மாள், மறைந்த தன் மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, ஊர் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்வதற்காக 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார். நிலம் பொதுப் பள்ளிக்குப் போனது. எனவே அங்கே படிக்கும் எந்தப் பிள்ளையும் யார் முன்பும் கை நீட்டி நிற்க வேண்டியதில்லை. கொடுப்பதில் இது நமக்குப் பாடம்.

ஏழைக் கூலிக்காரர்களாகிய நம்மால் நிலம் தர முடியாது. ஆனால் நிதியை எப்படி நடத்துவது என்று சொல்ல முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். யாருக்கு எது தேவை என்று அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும். அந்தக் குழுவில் நம் பெண்கள் உட்கார வேண்டும், வாய் திறந்து பேச வேண்டும். வரவு செலவு ஊருக்குத் தெரியட்டும். வாங்கும் பிள்ளையின் பெயர் தெரிய வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஊர் நிதி இருக்கிறதே என்று அரசு தன் கடமையைக் கைகழுவ விடக்கூடாது. நாம் தரும் ஒவ்வொரு ரூபாயும் அரசு தாமதித்த ரூபாய். அதற்கு ஒரு கணக்கு எழுதி வைப்போம். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மனுவாகக் கொடுப்போம்.

தம்பி தங்கைகளே, இப்படி வரும் காசை வாங்கக் கூச்சப்படாதீர்கள். மூட்டை தூக்கிய தோள்களின் உழைப்பில்தான் இந்தச் சந்தையே நிற்கிறது. அந்த உழைப்பில் ஒரு துளிதான் உங்களிடம் திரும்பி வருகிறது. படித்து முடித்ததும், அடுத்த சேர்க்கை நாளில் இன்னொரு பிள்ளையோடு நீங்கள் போய் நில்லுங்கள். நாம் கேட்பது அவ்வளவுதான்.

ஜெய்பீம்.