கிதாரின் முகமும் முதுகும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால், யாராவது ஒருவர் கிதாரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். ஜூன் 21, பிரெஞ்சு வழக்கப்படி இங்கும் கொண்டாடப்படும் இசை நாளில், கேட்கவே வேண்டாம். அடுத்த முறை பாட்டைக் கேட்பதோடு அந்தக் கிதாரின் மரத்தையும் கொஞ்சம் பாருங்கள். முன்பக்கம் வெளிறிய நிறம். மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடுகள். திருப்பினால் முதுகு கருஞ்சிவப்பு, அதில் வளைந்து நெளியும் கறுப்பு வரிகள். கண்ணை இழுப்பது முதுகு. ஓசைக்குப் பொறுப்பு முகம்.

அந்த முகம் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரம். வசந்தத்தில் அது வேகமாக வளரும்போது வெளிர்ப் பட்டை உண்டாகிறது. கோடையின் முடிவில் வளர்ச்சி மந்தப்படும்போது மெல்லிய கறுத்த கோடு விழுகிறது. ஒரு கோடு என்றால் ஓர் ஆண்டு. கிதாரின் பாதி முகம் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். சென்டிமீட்டருக்கு 8 கோடு இருந்தால், அந்தத் துண்டில் மட்டும் 160 ஆண்டு அடங்கியிருக்கிறது. கிதார் வாங்கும் பையனுக்கு வயது பதினாறுதான்!

இந்தக் கோடுகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. மரத்தின் நார் ஓடும் திசையில் ஸ்ப்ரூஸ் பலகைக்கு இருக்கும் விறைப்பு, குறுக்கே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். நார் வழியே ஒலி நொடிக்கு 5 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பாய்கிறது. காற்றில் வெறும் 340 மீட்டர்தான். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ கனத்துக்கு இழுக்க, 3 மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்கவும் வேண்டும், லேசாக அதிரவும் வேண்டும். இதற்காகத்தான் அடிமரத்தை நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரத் திசையில் அறுக்கிறார்கள். அப்போதுதான் வளையங்கள் பலகையில் செங்குத்தாக நிற்கும். இன்னும் கவனமானவர்கள் ரம்பம் வைக்குமுன் கட்டையைப் பிளந்தே பார்ப்பார்கள். பிளவு நார் போன வழியே போகும், ரம்பம் அப்படிப் போகாது. நார் சாய்ந்த பலகையைப் புத்தகம்போல் விரித்து இரு பாதியாக ஒட்டினால் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி மங்கலாகவும் தெரியும். கிதாரைத் தலைகீழாகத் திருப்பினால் வெளிச்சம் இடம் மாறிவிடும். கடையில் இதை நீங்களே பார்க்கலாம்.

நம் வீணைக்கு இந்தக் கணக்கு வேறு. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம். அந்தப் பலாவுக்குப் பெயர் பெற்ற பண்ருட்டி நமக்குப் பக்கத்து ஊர். வெப்பநாட்டுப் பலாவில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்து, குடத்தைக் குடைகிறார்கள். குடம் முதல் யாளி முகம் வரை ஒரே கட்டையில் எடுத்தால் ஏகாந்த வீணை.

இனி முதுகு. கிதார் உலகம் முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடியது. அது அரிதாகிவரவே, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். ஈட்டியை வெட்டக் கட்டுப்பாடு விதித்து 1994-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. 2017-இல் பன்னாட்டு வணிகத்துக்கும் கடிவாளம் விழுந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்குக் கிடைத்தது.

இத்தனை பாடுபட்டு வரும் ஈட்டி ஓசையைக் கூட்டுகிறதா? ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் தோர்ரெஸ் 1862-இலேயே முதுகையும் விலாவையும் காகிதக் கூழில் செய்து, முகத்துக்கு மட்டும் நல்ல மரம் போட்டு ஒரு கிதார் கட்டிக் காட்டினார். 2018-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒரே கைவினைஞர் ஒரே அளவில் ஆறு கிதார்கள் செய்தார். முதுகும் விலாவும் மட்டும் வெவ்வேறு மரம். எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி, 52 கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய அறையில் வாசிக்கச் சொன்னார்கள். ஈட்டிக்கும் விலை குறைந்த மரங்களுக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்ணில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் கருத்தும் அதுதான்: ஈட்டியின் வரிகள் அழகு, அந்த அழகுக்குக் காசு கொடுங்கள், ஓசைக்கென்று கொடுக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார் வழியே நீளாது, குறுக்கேதான் உப்பும். கடல்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் கிதாரின் வயிறு புடைத்து, கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். பிறகு குளிர்சாதன அறையில் வைத்தால் காய்ந்து சுருங்கி, கோட்டோடு கோடாக வெடிப்பு விடும். வாசித்து முடித்ததும் பெட்டியில் வைத்து மூடுங்கள்.

வாங்கப் போகும்போது ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் கோடுகள் விளிம்பின் கனத்திலும் இறங்கினால் அது முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மேலே இருப்பது ஒட்டிய தோல் மட்டும். அதற்கு முழு மரத்தின் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.