மலைச்சரிவு மண்ணும் பள்ளித் தோட்டமும்
(நீலகிரி மாவட்ட ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று வகுப்பில் பிரித்துச் சொல்லித் தருகிறோம். மட்காதவை பட்டியல் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடுகிறது. காட்மியம், ஈயம், தாமிரம் ஆகியவை தனிமங்கள்; எந்த நுண்ணுயிரியாலும் அவற்றைச் சிதைக்க முடியாது. இதை அந்தப் பாடத்திலேயே சேர்த்துச் சொல்லலாம்.

நம் மலைக்கு அவை எப்படி வருகின்றன? தேயிலையின் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு தெளிக்கிறோம். இலையில் தங்காதது மண்ணுக்கு வருகிறது. கேரட், உருளைக்கிழங்குக்கு இடும் பாஸ்பேட் உரத்தில், அதன் மூலப்பாறையைப் பொறுத்து, சிறிதளவு காட்மியம் இருக்கும்.

இந்த உலோகங்கள் களிமண் துகள்களையும் மட்கையும் பற்றிக்கொள்பவை. கனமழை சரிவிலிருந்து எளிதில் அடித்துச் செல்வதும் அவற்றைத்தான். மேட்டில் தெளித்தது பள்ளத்தில் படிகிறது. பள்ளித் தோட்டத்துக்கு மண் வேண்டும் என்றால் நாம் எங்கே போகிறோம்? ஓடையோரத்துக் கறுப்பு வண்டலுக்குத்தானே! வளமான மண்தான், மறுக்கவில்லை. மேலே என்ன பயிர், என்ன மருந்து என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பயமுறுத்த வேண்டாம். தாமிரம் மிகுந்தால் மண்புழு குறையும், வேர் கருகும், பயிரே காட்டிக்கொடுத்துவிடும். ஈயம் செடிக்குள் அதிகம் ஏறாது. ஆனால் கேரட்டில் ஒட்டிய மண்ணோடும், குழந்தையின் விரலோடும் வாய்க்குப் போகும். கழுவினால் பெருமளவு தீரும். காட்மியம்தான் சங்கடமானது. கீரை செழிப்பாகவே இருக்கும், உள்ளே காட்மியமும் இருக்கும். உடலில் அது சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கிவிடும்.

நம் மண் அமிலத்தன்மை உடையது. அமிலம் கூடக்கூட காட்மியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. சுண்ணாம்பும் மட்கிய தொழுவுரமும் இட்டால் வேருக்கு எட்டுவது குறையும், உலோகம் மறைந்துவிடாது.

மண்வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். அதன் 12 அளவீடுகளில் தாமிரம் உண்டு, அதுவும் பற்றாக்குறையைப் பார்ப்பதற்காக. காட்மியமும் ஈயமும் கிடையாது. அவற்றை ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

வகுப்பில் செய்ய ஒன்று: மேட்டு மண் ஒரு பாட்டில், சரிவடி மண் ஒரு பாட்டில். நீர் ஊற்றிக் குலுக்கி, மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். எதில் நுண்துகள் படிவு தடிமன் என்று மாணவர்களே அளவுகோல் வைத்து அளக்கட்டும்.