பூட்டிய வளவும் ஊரார் கடமையும்

(மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'இளைஞரும் கிராமத் தொண்டும்' என்பது. அது கடல் போன்றது. அதிலே ஒரு செம்பு நீரை மாத்திரம் மொண்டு கொள்கிறேன். நம்முடைய ஒழுங்கைகளிலே பூட்டிக் கிடக்கின்றனவே வீடுகள், அவற்றைப் பற்றியே பேசப் போகிறேன்.

எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வாவிக்கரை ஊர் எதிலே நடந்தாலும் இந்தக் காட்சி உண்டு. படலையிலே துருப்பிடித்த பூட்டு. உள்ளே ஆளுயரப் பற்றை. தென்னை மரங்களிலிருந்து விழுந்த தேங்காயை எலி கோதி, அந்தக் கோம்பையிலே மழைநீர் தேங்கி நிற்கும். பீலியிலே சருகு அடைத்திருக்கும். கிணற்றுக்கு மூடி இராது. 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வெறுமையான வீடுகள் சில. 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பின் விட்டுப் போனவை சில. பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனபின் தாய் தகப்பனும் காலமாகிப் பூட்டப்பட்டவையும் உண்டு.

"அவர்கள் வளவு, அவர்கள் பாடு" என்று சொல்லலாம். ஆனால் நுளம்பு உறுதி பார்த்துக் கடிப்பதில்லை. டெங்கு பரப்பும் நுளம்பு தன் முட்டையைப் பாத்திரத்தின் உட்சுவரிலே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். மாரி மழை விழுந்து நீர் ஏறியவுடன் பொரித்து, ஏழு தொடக்கம் பத்து நாளிலே நுளம்பாகிப் பறக்கும். அதுவும் வெகுதூரம் போவதில்லை. சில நூறு யாருக்குள்ளேயே அதன் வாழ்வு முடிந்துவிடும். ஆகவே பூட்டிய வளவிலே பிறக்கும் நுளம்பு கடிப்பது ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரரை அல்ல. அடுத்த வேலிக்கு இப்பால் தொட்டிலிலே கிடக்கும் பிள்ளையை. 2017 ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் டெங்குச் சந்தேகத்துக்குரியோர் என்று பதியப்பட்டவர் தொகை 1,80,000 க்கு மேல். மலேரியாவை இந்நாடு ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இலே சான்று தந்த மறு ஆண்டு அது.

நிற்க. சட்டம் இல்லாமலா இருக்கிறது? வெள்ளையர் காலத்து 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டமே, வீட்டையோ நிலத்தையோ அசுத்தமாகவும் பற்றை மண்டியும் அயலவர் சுகத்துக்குக் கேடாக விட்டுவைப்பதைக் குற்றம் என்கிறது. அந்த வீடு குடியிருக்கத் தக்கதாயினும் அல்லாவிடினும் ஒன்றுதான். நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டமோ 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கம். சொந்தக்காரரின் கடமை அதிலே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ஆனால் படலையிலே ஒட்டிய அறிவித்தலைக் கடல் கடந்து இருப்பவர் எப்படி வாசிப்பார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கொழும்பு வெள்ளவத்தையிலே அடுக்குமாடியில் வசிப்போர் இப்பிரச்சினையை வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். அங்கே 1973 ஆம் ஆண்டின் சட்டப்படி வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைக் கூட்டுத்தாபனம் ஒன்று உண்டு. பராமரிப்புக் காசு கட்டியே தீரவேண்டும். ரொறன்ரோ நகரசபையோ வளவுப் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று விதித்திருக்கிறது. அங்கே ஒழுங்காகப் புல்வெட்டும் நம்மவரின் வளவு இங்கே காடாகக் கிடக்கிறது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அங்கே கேட்பதற்கு ஒரு சபை இருக்கிறது, இங்கே கேட்பார் இல்லை, அதுதான் வித்தியாசம்.

நம்மிடம் சபைக்கா பஞ்சம்? கிராம அபிவிருத்திச் சங்கம் உண்டு, மாதர் சங்கம் உண்டு, மரண உதவிச் சங்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஆலய நிருவாகம் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் முதலாக இப்பகுதிக் கோயில்களிலே குடிமுறை எவ்வளவு நுட்பமாக நடக்கிறது! இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு என்ற பொறுப்பிலே தவறினால் ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றக் கட்டளையிலும் பார்க்க வலு அதிகம். பின் ஏன் இந்த வளவுகளைப் பற்றி நமது சபைகள் வாய் திறப்பதில்லை?

பெரியோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உண்மை இதுதான்: கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களும் அந்த வளவுகளின் சொந்தக்காரர்களும் பல இடங்களிலே ஒருவரே. கோபுரத்துக்கு வர்ணம் பூசத் தந்தவரிடம் "உங்கள் கிணற்றுக்கு மூடி போடுங்கள்" என்று எப்படிச் சொல்வது என்று சபை கூசுகிறது. கூசவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஊரிலே பற்று இருப்பதனால்தானே காசு அனுப்புகிறார்கள்? தம் வளவிலிருந்து அயல்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததென்று அறிந்தால் அவர்களுக்கே பொறுக்காது. அறிவிப்பார்தான் இல்லை.

இன்னொன்றையும் நாம் கவனிக்கத் தவறுகிறோம். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். உறுதி மகளின் பெயரிலே இருக்கும். சில உறுதிகளிலே தாய்க்குச் சீவிய உரித்தும் இருக்கும். நாமோ மச்சானையும் மாமாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, "சொன்னோம், கேட்கவில்லை" என்கிறோம். சபையிலே இருப்போர் பெரும்பாலும் ஆண்கள், வளவோ பெண்ணுடையது. அந்தத் தங்கைக்கு நேரே எழுதினோமா? யார் பெயரில் இருக்கிறதென்று தெரியாவிட்டால் சோலைவரிப் பதிவிலும் கிராம அலுவலரிடமும் விசாரிக்கலாம். அதிலும் சுருக்கமான வழி மாதர் சங்கம். யாருடைய மகள் எந்த நாட்டிலே என்ன தொலைபேசி இலக்கத்தோடு இருக்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சொந்தக்காரர் தயங்குவதற்கும் ஒரு நியாயமான காரணம் உண்டு. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பிறர் காணியைச் சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து ஆண்டு இடையறாது ஆண்டவர் உரிமை கோரலாம். யுத்த காலத்திலே ஊருக்கு வரமுடியாது போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட பாதுகாப்புத் தந்தது. ஆயினும் பயம் போகவில்லை. "துப்புரவாக்க விட்டால் வளவையே பிடித்துவிடுவார்கள்" என்று நினைக்கிறார்கள். அப்படி நடந்த கதைகளும் இல்லாமல் இல்லை. ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு, அவர் உரிமையை ஒப்புக்கொண்டு உள்ளே போகிறவரின் செயல் எதிரான ஆட்சி ஆகாது. அந்த அனுமதி எழுத்திலே இருக்கவேண்டும். சங்கமும் "இவ்வளவிலே எமக்கு யாதொரு உரித்தும் இல்லை, துப்புரவு செய்வதற்கு மாத்திரமே நுழைகிறோம்" என்று கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு துண்டுக் கடிதம் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்வது: கத்தியைத் தூக்கிக்கொண்டு வேலி பாயாதீர்கள். அனுமதி இன்றி நுழைந்தால் நம் நியாயம் போய்விடும். முதலிலே ஒழுங்கையில் நின்று படம் எடுங்கள். பற்றை வெட்டவும் பீலி துடைக்கவும் கிணற்றுக்கு வலை போடவும் கூலி எவ்வளவு என்று ஊர்க் கூலிக்காரரிடமே கேட்டு எழுதுங்கள். பிறகு சங்கத் தலைவரும் வண்ணக்கரும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று, மரியாதையான தமிழிலே, போகட்டும். "தங்களுடைய ஆளைக் கொண்டு செய்விக்கலாம்; அல்லது காசு அனுப்பினால் நாங்கள் செய்வித்துப் பற்றுச்சீட்டு அனுப்புவோம்; காசுக்கு வசதியில்லையேல் அனுமதி மாத்திரம் தாருங்கள், பிள்ளைகள் சிரமதானமாகச் செய்வார்கள்" என்று எழுதினால் மறுப்பவர் குறைவு. மூன்று வாரம் பொறுத்து மறுமொழி இல்லையேல் இரண்டாம் கடிதம். அதன் பின்னும் மௌனமென்றால் கடிதப் பிரதிகளையும் படங்களையும் பரிசோதகரிடம் கொடுக்கவேண்டியதுதான். அப்போது அது தனியாள் முறைப்பாடாக இராது. அயலவர் ஒருவர் தனியே முறையிட்டால் இரண்டு தலைமுறைப் பகை. சங்கம் எழுதினால் அஃது ஊர்க் காரியம்.

ஒரு விலக்கு உண்டு. ஓடு உடைந்து, வேலி விழுந்து, உள்ளே வயோதிபத் தாய் ஒருவர் தனியே இருக்கும் வீடுகளும் சில இருக்கின்றன. அவற்றுக்குக் கடிதம் அனுப்புவது பாவம். அங்கே நேரே போய், "பெத்தா, உள்ளே வரலாமா?" என்று கேட்டு, வேலையை முடித்துவிட்டு வரவேண்டும்.

நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திய கதையைச் சிறுவயதிலே படித்தோம். திருவிழாவுக்கு முன் நாமும் கோயில் வீதியிலே புல் செதுக்குகிறோம், நல்ல காரியம். ஆனால் நம் உழவாரம் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு அப்பால் பத்து யாரிலே பாழ்வளவு.

இன்று ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். ஐந்து இளைஞர், மாதர் சங்கத்திலிருந்து இரண்டு தாய்மார், வண்ணக்கர் ஒருவர் சேர்ந்த சிறு குழுவைத் தெரிவு செய்யுங்கள். முதல் வருடத்துக்கு ஓர் ஒழுங்கை போதும். மாரி பிடிப்பதற்கு இன்னும் ஆறு வாரமளவிலே இருக்கிறது. இரண்டு கடிதத்துக்கும் மறுமொழிக்கும் அது மட்டுமட்டாகக் காணும். பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடுவதற்குத் தனாதிகாரி அவர்கள் இன்றே பணம் ஒதுக்கவேண்டும். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறுவது இங்கிருந்தே தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன்.