38 ஆண்டும் ஒரு கேள்வியும்



தவக்காலத்தின் நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை இன்று. நற்செய்தி யோவான் 5ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே பெத்சதா என்றொரு குளம். அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். அங்கே 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவர் படுத்துக் கிடக்கிறார். ஆண்டவர் அவரிடம், நலமடைய உமக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேட்கிறார்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நமக்குத் தோன்றும். 38 ஆண்டு படுக்கையில் கிடப்பவருக்கு எழுந்து நடக்க ஆசை இருக்காதா? ஆனால் அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள். ஆமாம் என்று அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை, தான் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்று காரணம் சொல்கிறார்.

இந்தப் பதில் நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பதில்தான். "விடணும்னுதான் நினைக்கிறேன். ஆனா வேலை அப்படி, சேர்க்கை அப்படி." ஆம், இன்று குடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். குடிப்பவரைத் திட்டுவதற்காக அல்ல. திட்டு அவருக்குத் தினமும் கிடைக்கிறது. அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற உங்களிடம்தான் பேசுகிறேன்.

ஒரு கொத்தனாரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பகலெல்லாம் வெயிலில் நின்று பூசுகிறார். இரவில் குடித்துவிட்டு வருகிறார். மறுநாள் காலையில் மனைவி, "ஏங்க, இனிமே அதத் தொடாதீங்க. பிள்ளைங்க படிப்பப் பாருங்க, உங்க உடம்பப் பாருங்க" என்கிறார். சொல்வதில் ஒரு சொல் தவறில்லை. ஆனால் அவரிடமிருந்து வருகிற பதில் என்ன? "ஒருநாள் வேலைக்குப் போகாம இருந்திருக்கேனா? ஊருல எவன் குடிக்கல? என் காசு, நான் குடிக்கிறேன்."

இந்த மனிதருக்கு மனைவி சொல்லும் காரணங்கள் எதுவும் தெரியாதவை அல்ல. விட வேண்டும் என்பதும் அவருக்குள் இருக்கிறது, விட முடியாது என்பதும் இருக்கிறது. மதில்மேல் பூனை. நாம் ஒரு பக்கமாக நின்று பிடித்து இழுத்தால், அவர் நிற்பதற்கு மிச்சமிருப்பது மறுபக்கம் மட்டுமே. நாம் குடிக்கு எதிராக வாதாட வாதாட, அவர் குடிக்கு வக்கீல் ஆகிறார். மனிதனுக்கு ஒரு குணம் உண்டு. தன் வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதை அவனே நம்பத் தொடங்குகிறான். இப்படி நாம் நல்லெண்ணத்தோடு அவரைக் குடியின் பக்கம் தள்ளிவிடுகிறோம். மனைவி மட்டுமல்ல, அன்பியத்தில் பேசுகிறவர்களும், பீடத்திலிருந்து பேசுகிற எங்களைப் போன்றவர்களும் இதையே செய்கிறோம்.

இதை ஆராய்ந்த ஓர் உளவியலாளர் உண்டு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் மில்லர். 1982இல் நார்வே நாட்டில், பெர்கன் நகருக்கு அருகே குடிநோயாளிகளுக்கான ஒரு சிகிச்சை இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தார். அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் தாங்களே நோயாளிகளைப் போல நடித்து, அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தார்கள். பார்த்ததோடு விடவில்லை. நடுவில் நிறுத்தி, "இப்போது ஏன் இந்தக் கேள்வி கேட்டீர்கள்? அவர் சொன்னதில் அதை விட்டுவிட்டு இதை ஏன் பிடித்தீர்கள்?" என்று துளைத்தார்கள். பதில் சொல்லச் சொல்லத்தான், தாம் செய்வது என்ன என்று அவருக்கே தெளிந்தது. மாற வேண்டிய காரணத்தை அவர் நோயாளிக்குச் சொல்லவில்லை. நோயாளியே சொல்லும்படி கேட்டுக்கொண்டிருந்தார். 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பின்னர் வேல்ஸில் பணியாற்றிய ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் நூலாக்கினார். 'மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்' என்ற பெயரில் ஆற்றுநர்கள் இன்று கற்கும் முறை இதுவே.

1993இல் மில்லரும் அவருடைய உடன்பணியாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வின் முடிவு நம்மை யோசிக்க வைக்கும். ஆற்றுநர் எவ்வளவுக்கு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு ஓராண்டு கழித்து அந்த நோயாளி அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்றவர்களின் வாதமே இப்படிப் போகிறது என்றால், சமையலறை வாசலில் நடக்கிற வாதம் எங்கே கொண்டுபோய் விடும்?

சரி, என்னதான் பேசுவது? நம் கொத்தனார் ஓர் ஆற்றுநர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள்.

"அண்ணே, குடிய விடணும்ங்கிறதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"ஒரு நாலு போடலாம்."

நாமாக இருந்தால் "ஏன் நாலோடு நிறுத்திட்டீங்க?" என்று கேட்போம். அவரும் விடமுடியாத காரணங்களை வரிசையாக அடுக்குவார். ஆற்றுநர் வேறு விதமாகக் கேட்கிறார்: "பூஜ்யம் போடாம நாலு போட்டீங்களே, ஏண்ணே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சின்னவ இருக்கா. நான் வாசல்ல நுழைஞ்சதும் புத்தகத்த எடுத்துக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுறா."

"அவ எழுந்து போறது உங்களுக்கு வலிக்குது."

"வலிக்காதா? அவ படிக்கணும்னுதானே இந்த வெயில்ல நிக்கிறேன்."

ஆற்றுநர் இங்கே ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. அவர் சொன்னதையே கண்ணாடி போலத் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். 'பிள்ளை படிக்கணும்' என்பது மனைவி பத்து வருடமாகச் சொல்லி வருகிற அதே காரணம். இன்று அது அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கேட்கவே நமக்குப் பயமாக இருக்கும். "குடிச்சா உங்களுக்கு என்ன கிடைக்குது?" இதைக் கேட்டால் குடிக்கச் சம்மதம் கொடுத்ததாகிவிடுமோ என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள். "ராத்திரி முதுகுவலி தாங்கல. அது இல்லன்னா தூக்கம் வராது" என்பார். முதுகுவலிக்கு மருத்துவர் இருக்கிறார். ஆனால் வலி இருக்கிறது என்பதே அதுவரை வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

(2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிற மாநிலத்தில் மனத்தை மட்டும் பேசினால் போதுமா என்று சிலர் கேட்பீர்கள். போதாது. கடைக்கு எதிரான போராட்டமும் நியாயமானது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

நம் திருச்சபையின் நினைவிலும் இரு மனதாய் நின்ற ஒருவர் உண்டு. புனித அகுஸ்தினார் இளமையில் கற்பு வேண்டும் என்று செபித்தார், கூடவே உடனே வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அதை மறைக்காமல் அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் தாய் புனித மோனிக்காவின் கண்ணீரைப் பற்றி ஓர் ஆயர் சொன்ன ஆறுதல் மொழி நமக்கெல்லாம் தெரியும். அதற்குச் சற்று முன் நடந்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. என் மகனோடு பேசி, அவன் தவறை எடுத்துக்காட்டுங்கள் என்று மோனிக்கா அந்த ஆயரிடம் கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். அவன் இன்னும் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், அவனுக்காகச் செபியுங்கள் என்றார். அகுஸ்தினார் மிலான் நகரத் தோட்டத்தில் அழுது மனம் திரும்பியது 386இல், அவருடைய 31ஆம் வயதில். ஆயர் மறுத்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. வாதாட மறுத்த அவரைத் தம் கடமையைத் தட்டிக்கழித்தவர் என்று அகுஸ்தினார் எழுதவில்லை, ஞானமுள்ளவர் என்றே எழுதுகிறார்.

இனி தவக்காலத்துக்கு வருகிறேன். நம் பங்குகளில் பல ஆண்கள் இந்த 40 நாளும் குடியைத் தொடுவதில்லை. வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்களும் அப்படியே. உயிர்ப்புப் பெருவிழா அன்று மாலையே பலர் பழைய இடத்தில் போய் நிற்கிறார்கள். நாம் அவரிடம் என்ன சொல்கிறோம்? "நாப்பது நாள் நடிச்சீங்களா?" "சாமிகிட்டயும் ஏமாத்தா?" இப்படிக் கேட்டால் அந்த 40 நாளையும் நாமே குப்பையில் போட்டதாகிவிடும். கடையைத் தாண்டி 40 மாலை வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். அது பெரிய காரியம். எப்படி முடிந்தது? எந்த நாள் மிகவும் கஷ்டமாக இருந்தது? அந்த நாளில் என்ன செய்தார்? காலையில் எழும்போது உடம்பு எப்படி இருந்தது? சின்னவள் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருந்தாளா? இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அவர் தெளிவாக இருக்கும் இப்போதே கேளுங்கள், குடித்துவிட்டு வந்த பிறகு கேட்பதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். பதில் கோணலாக வந்தாலும் முழுதாக வரட்டும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை மட்டும் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள்.

இரண்டு காரியங்களை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடித்து உடம்பு பழகிப்போனவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பு வரலாம், நினைவு தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து உண்டு. அப்படிப்பட்டவர் நேர்த்திக்கடன் வைத்துத் தனியாக நிறுத்தாமல், மருத்துவரைப் பார்த்தே நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அடுத்தது, அடிக்கிறவர் பற்றியது. நான் சொன்ன பொறுமையான கேள்விகள் அடி வாங்குகிற பெண்ணுக்கு அல்ல. அம்மா, உங்கள் மேல் கை நீளுகிற வீட்டில் முதல் வேலை நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான். பெண்களுக்கான உதவி எண் 181. அவரிடம் கேள்வி கேட்கும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். உங்கள் பங்குத்தந்தையோ, அன்பியப் பொறுப்பாளரோ செய்யலாம். தானே குடித்து, இப்போது விட்டிருக்கிற ஒருவர் செய்தால் இன்னும் நல்லது. பல பங்குகளின் வளாகத்திலேயே மாலையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.